விளைபொருளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் முறை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியில் பருத்தி, மா, தென்னை, நெல் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் இப்போது விளைபொருளை வியாபாரிக்கு முதலில் காட்டுவது செல்போன் வழியாகத்தான். முன்பெல்லாம் துணிப்பையில் ஒரு பிடி மாதிரி எடுத்துக்கொண்டு கமிஷன் கடைக்குப் போவோம். வியாபாரி நெல்லைக் கடித்துப் பார்ப்பார். பருத்தியைப் பிரித்து இழுத்துப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். இன்று அவர் பார்ப்பது உள்ளங்கை அகலத் திரையில் தெரியும் ஒரு படத்தை. படம் தவறாக இருந்தால் விலையும் தவறாகிவிடுகிறது.

இதை எழுதுபவனுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மடவார் வளாகத்தில் என் மாமா தோட்டத்தில் எடுத்த பருத்தியை வேப்பமர நிழலில் நீலத் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருந்தோம். நல்ல பருத்தி, மழை படாதது. நான்தான் போனில் படம் எடுத்து ஒரு வியாபாரிக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: "என்ன அண்ணாச்சி, பஞ்சு கருத்துப் போயிருக்கே, நனைஞ்சதா?" இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் குவிண்டாலுக்குக் குறைத்தே கேட்டார். மறுநாள் காலை அதே பருத்தியைச் சாக்கின் மேல் பரப்பி, வெயிலில் வைத்து, வேறொருவருக்குப் படம் அனுப்பினோம். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் நடப்பு விலையைச் சொன்னார். மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் படத்தில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது?

போனில் உள்ள கேமரா தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதிக வெளிச்சமும் இல்லாமல் அதிக இருட்டும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. படம் முழுவதும் வெள்ளைப் பருத்தியாக இருந்தால், "வெளிச்சம் கூடிவிட்டது" என்று தானே குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகிறது. உளுந்து, கறுப்பு எள் போன்றவற்றை எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. கறுப்பை வெளுக்கச் செய்துவிடும். ஆகவே பருத்தியை எடுக்கும்போது திரையில் பருத்தி தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொட வேண்டும். அந்த இடத்தில் சிறு வட்டமோ கட்டமோ தோன்றும். பெரும்பாலான போன்களில் அதன் பக்கத்திலேயே சூரியன் போன்ற குறி ஒன்றும் வரும். அதை மேலே தள்ளினால் படம் வெளுக்கும். கீழே இழுத்தால் கறுக்கும். கண்ணுக்குத் தெரியும் பருத்தியும் திரையில் தெரியும் பருத்தியும் ஒன்றாகும்வரை தள்ளி, பிறகு எடுக்கலாம். எள்ளுக்கும் உளுந்துக்கும் கீழே இழுக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறு தார்ப்பாய். நீலத் தார்ப்பாயின் மேல் படும் வெளிச்சம் நீலமாகத் திரும்பிப் பொருளின் மேல் விழுகிறது. மர நிழலில் நேர் வெயில் இல்லாமல் வானத்து வெளிச்சம் மட்டுமே விழுவதால் அதுவும் நீலம் பாய்ந்தது. இரண்டும் சேர்ந்தால் பருத்தி பழையதாகவும், பழுத்த மாம்பழம் காயாகவும் தெரியும். மஞ்சள் தார்ப்பாயின் கீழ் எடுத்தால் காய் பழமாகத் தெரியும்; வியாபாரி நேரில் வந்து பார்க்கும்போது சண்டைதான். சணல் சாக்கு, காய்ந்த களம், பழைய மரப்பலகை ஆகியவை படத்துக்கு ஏற்ற தரை. இவை நிறத்தை மாற்றுவதில்லை. சில போன்களில் இலையைக் கண்டால் தானே பச்சையைக் கூட்டும், முகத்தைக் கண்டால் தானே மெருகேற்றும் வசதி உண்டு. அதை அணைத்துவிடுவது நல்லது.

எந்த நேரத்தில் எடுப்பது? நம் பகுதியில் மலை மேற்கே இருக்கிறது. மலையடிவாரத் தோப்புகளில் மாலையில் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். காலை ஏழரை முதல் ஒன்பதரை மணி வரை நல்ல நேரம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி மேற்கு நோக்கி நின்றால் பொருளின் மேல் வெளிச்சம் நேராக விழும். பின்னால் மலையும் தெளிவாக விழும். வெளியூர் வியாபாரிக்கு இது எந்தப் பக்கத்துத் தோப்பு என்று மலையே சொல்லிவிடும். உங்கள் நிழல் பொருளின் மேல் விழாதபடி சற்றே ஒதுங்கி நிற்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் பாதி வெளுத்தும் பாதி இருண்டும் இருக்கும். மானாவாரிக் காட்டில் வேறு நேரம் கிடைக்காவிட்டால், வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடிக்க, அதன் நிழலில் எடுக்கலாம். வெள்ளைத் துணி நிறத்தைக் கெடுக்காது.

கேமராக் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துவிட்டு எடுங்கள். சொல்ல வெட்கமாயிருக்கிறது, மங்கலான படங்களில் பாதிக்குக் காரணம் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். பால்கோவா கிண்டும் வீடுகளில் ஆவி படிந்து கண்ணாடி பனிபோல மூடிக்கொள்ளும். வாணலிக்கு நேர் மேலே போனை நீட்டாமல், இறக்கி ஆறவிட்டபின் எடுப்பதே முறை.

அளவு தெரிய வேண்டும்

தனியாக வைத்து எடுத்த மாங்காய் எலுமிச்சை அளவா, தேங்காய் அளவா என்று படத்தில் யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் எல்லோரும் அறிந்த ஒன்றை வைக்க வேண்டும். தீப்பெட்டி நல்லது, எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தீப்பெட்டிக்குப் பஞ்சமா! தேங்காய்க்குத் தையற்காரர் டேப்பைச் சுற்றிவைத்து எடுக்கலாம். நெல், பயறு வகைகளை உள்ளங்கையில் ஒரு பிடி பரப்பி எடுக்கவும். போனை மிக நெருக்கிப் பிடித்தால் தெளிவு வராது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து எடுத்து, பிறகு வேண்டாத ஓரங்களை வெட்டிவிடலாம். இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கி எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பெரும்பாலான போன்களில் அப்படிச் செய்வதால் புள்ளிகள்தான் பெரிதாகும், தெளிவு கூடாது. நடந்து கிட்டே போவதே சிறந்த வழி.

ஒரு சரக்குக்கு மூன்று படம் போதும். குவியல் முழுவதும் ஒன்று. அளவு காட்டும் பொருளோடு நான்கைந்து காய் ஒன்று. குவியலின் நடுவிலிருந்தோ பெட்டியின் அடியிலிருந்தோ கைக்கு வந்ததை எடுத்து வைத்த படம் ஒன்று. இந்த மூன்றாவதைப் பலர் அனுப்புவதில்லை. சப்பட்டை, பஞ்சவர்ணம் மாங்காயில் பால் வடிந்த கறை இருந்தால் அதையும் படத்திலேயே காட்டிவிடலாம். கறையைக் கண்டு விலை பேசியவர் லாரி வந்தபின் அதே கறைக்காக இரண்டாம் முறை குறைக்க முடியாது. மறைத்து அனுப்பினால், பறித்த காய் களத்தில் கிடக்க, லாரி வாசலில் நிற்க, அப்போது அவர் சொல்வதுதான் விலை.

வத்திராயிருப்புப் பக்கத்துக் கூமாப்பட்டிக்கு 2025 ஜூன் மாதம் நேர்ந்தது நினைவிருக்கும். இன்ஸ்டாகிராமில் ஊரின் அழகைக் காட்டிய வீடியோக்கள் தமிழ்நாடு முழுவதும் பரவின. வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பிளவக்கல் அணைப் பகுதிக்குள் செல்ல அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஊர் அழகானதுதான், அதில் பொய்யில்லை. ஆனாலும் படத்தை நம்பி வந்தவர் நேரில் வேறொன்றைக் கண்டால் கோபப்படுவார். சுற்றுலா வந்தவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். சரக்கு எடுக்க வந்தவரோ அந்தக் கோபத்தை விலையில் காட்டுவார்.

அனுப்பியதும் படம் ஏன் மங்குகிறது?

போனில் எடுத்த படம் புள்ளிகளால் ஆனது. சாதாரணமாக ஒரு படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள், அதாவது நீளத்தில் 4,000, அகலத்தில் 3,000. இதை அப்படியே அனுப்பினால் நேரமும் டேட்டாவும் செலவாகும் என்பதால் வாட்ஸ்அப் தானே சுருக்குகிறது. சாதாரண முறையில் நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிகளாகிவிடும். கணக்குப் போட்டால் ஆறு புள்ளியில் ஒன்றுதான் மிஞ்சும். தேங்காய்க் குவியலைக் காட்ட இது தாராளம். நெல்மணியின் நிறத்தையோ பஞ்சின் இழையையோ காட்டப் போதாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. படத்தைத் தேர்ந்ததும், அனுப்புமுன் மேலே "எச்டி" என்ற குறி தெரியும். 2023-ல் வந்த வசதி இது. அதைத் தொட்டு அனுப்பினால் தெளிவு கூடும். இன்னொன்று, படத்தைப் படமாக அனுப்பாமல் "டாக்குமென்ட்" என்ற வழியில் அனுப்புவது. அப்போது சுருக்காமல் அப்படியே போய்ச் சேரும். ஆனால் ஒன்று: படம் எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால், டாக்குமென்டாக அனுப்பும்போது அவையும் கூடவே போகும். அறிமுகமில்லாதவருக்குத் தோட்டத்தின் இருப்பிடம் தெரிய வேண்டாம் என்றால் இந்த வழி வேண்டாம்.

வந்த படத்தை அப்படியே "ஃபார்வர்டு" செய்தால் மேலும் கெடுவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும், சேமித்ததை மறுபடி ஏற்றுவதும்தான் படத்தைக் கெடுக்கும். தரகரிடம், "ஃபார்வர்டு பண்ணுங்கண்ணே, போட்டோ எடுத்து அனுப்பாதீங்க" என்று சொல்லிவைக்கலாம்.

வீடியோ எடுக்கும்போது

வீடியோ என்பது நொடிக்கு முப்பது படம். அத்தனையையும் முழுசாகச் சேமித்தால் எந்தப் போனும் தாங்காது. எனவே போன் ஒரு படத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொள்கிறது. குறைவாக மாறினால் குறைவாகக் குறிக்கலாம். படம் தெளிவாக இருக்கும். போனை வீசி வீசிக் காட்டினால் எல்லாமே மாறுகிறது. குறித்துக்கொள்ள இடம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆடிக் காற்றில் ஆடும் தென்னையோலையும், அலையடிக்கும் நெற்கதிரும் இப்படித்தான் கூழாகத் தெரியும். காற்று அடங்கிய காலையில், ஓரிடத்தில் நின்று, கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திரும்பப் பத்து விநாடியாவது ஆகட்டும்.

போனின் கேமரா அமைப்பில் "4கே" என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் மறுபடி சுருக்கத்தான் போகிறது, இடம்தான் வீண். 720 என்ற அளவே நம் வேலைக்குப் போதும்; நல்ல போனானால் 1080. முப்பது, நாற்பது விநாடிக்கு மேல் வேண்டாம். பெரிய வீடியோவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல வியாபாரிகள் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருப்பார்கள். மங்கலான கட்டமும் அதன் மேல் எத்தனை எம்பி என்ற எண்ணும்தான் அவர்களுக்குத் தெரியும். காலையில் ஐம்பது பேர் அனுப்பியதில் அறுபது எம்பி உள்ளதை யார் திறப்பார்கள்? ஐந்தாறு எம்பி உள்ளதைத் தொடுவார்கள். நீளமாகிவிட்டால், அனுப்புமுன் மேலே தெரியும் பட்டையின் இரு முனைகளையும் விரலால் நகர்த்திக் குறைத்துக்கொள்ளலாம்.

தேங்காய்க்கு ஒரு முறை சொல்கிறேன். மோட்டாரை நிறுத்துங்கள். குவியலைக் காட்டியபடி ஊர், தேதி, காய் எண்ணிக்கை, பறித்து எத்தனை நாள் என்பதைச் சொல்லுங்கள். பிறகு ஒருவர் நடுவிலிருந்து ஐந்து காயை எடுக்கட்டும். ஒன்றைப் போனருகே ஆட்டி நீர்ச் சத்தம் கேட்கச் செய்யுங்கள். ஒன்றை உடைத்துப் பருப்பின் கனத்தைக் காட்டுங்கள். உரித்த காயைத் தராசில் வைத்துக் காட்டும்போது மட்டும் கவனம் வேண்டும். எலக்ட்ரானிக் தராசின் சிவப்பு எண்கள் வீடியோவில் விட்டு விட்டு எரிவதுபோல் தெரியும். எண்ணில் பாதி காணாமலும் போகலாம். தராசு பழுதில்லை, அந்த விளக்குகள் எரியும் விதம் அப்படி. எடையை வீடியோவில் வாயால் சொல்லிவிட்டுத் தனிப்படமாகவும் எடுத்து அனுப்பலாம்.

எழுத்தும் விலையும்

ரகம், அளவு, பறித்த தேதி, ஊர் ஆகியவற்றைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். தனிச் செய்தியாக எழுதினால் படம் கைமாறும்போது எழுத்து பின்தங்கிவிடும். விலையைப் படத்தின் மேல் எழுதுவது நல்லதல்ல. படம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்து யாராவது அதைக் காட்டி, "நீங்கதானே போட்டீங்க" என்று அந்த விலைக்கே கேட்பார்கள். விலையைச் செய்தியில், "இன்று மாலை வரை" என்று தேதியோடு எழுத வேண்டும். படம் புதியது என்று காட்ட ஓர் எளிய வழி உண்டு. அன்றைய நாளிதழைத் தேதி தெரியும்படி மடித்துக் குவியலின் ஓரத்தில் வைத்து எடுத்தால் போதும்.

லாரிக்கு வழி சொல்லவும் படம் உதவும். திருமங்கலம் - கொல்லம் சாலையிலிருந்து திரும்பும் இடத்தை ஒரு படம் எடுத்து, லொகேஷனோடு அனுப்பிவையுங்கள். மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் என்றால் உள்ளூர்க்காரருக்குப் போதும். இரவில் கேரளத்திலிருந்து வரும் டிரைவருக்குப் படம் வேண்டும்.

வியாபாரக் கணக்கு

சிறு வியாபாரிகளுக்கென்றே "வாட்ஸ்அப் பிசினஸ்" என்ற தனிச் செயலி 2018-ல் வந்தது. கட்டணமில்லை. வேறொரு எண் இருந்தால் ஒரே போனில் பழைய வாட்ஸ்அப்பையும் இதையும் வைத்துக்கொள்ளலாம். இதில் "கேட்லாக்" என்ற பொருள் பட்டியல் உண்டு, 2019-ல் சேர்த்தார்கள். 500 பொருள் வரை போடலாம். நமக்கு நாலைந்து போதும். பட்டியலில் படம் சதுரமாகத் தெரியும் என்பதால் பொருள் நடுவில் இருக்கும்படி எடுக்க வேண்டும். ஓரத்தில் உள்ளது வெட்டுப்படும்.

ஆடு, மாடு, கோழி, நாய்க்குட்டி ஆகிய உயிருள்ள எதையும் இந்தப் பட்டியலில் விற்பனைக்குப் போடக்கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. 2005-ல் தபால்தலையிலேயே இடம்பெற்றது ராஜபாளையம் நாய். ஆனாலும் கேட்லாக்கில் அதற்கு இடமில்லை. தெரியாமல் போட்டால் கணக்கையே முடக்கிவிடக்கூடும். பால்கோவா போடலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. டப்பாவில் தயாரித்த தேதியும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் படிக்கும்படி ஒரு படம் அவசியம் இருக்க வேண்டும்.

பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்ப "பிராட்காஸ்ட்" பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்துவைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகவே முதல் முறை பேசும்போதே எண்ணைப் பதியச் சொல்லுங்கள். கேட்காதவருக்கெல்லாம் அனுப்பினால் அவர்கள் புகார் செய்வார்கள், கணக்கு போய்விடும்.

ஏமாற்று வேலைகளும் நடக்கின்றன. உங்கள் படத்தைப் பார்த்து, "மொத்தச் சரக்கும் எனக்கே, முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை அழுத்தவோ தேவையே இல்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டும். பிஎம் கிசான் பெயரிலும், ஆர்டிஓ அபராதம் என்றும் "ஏபிகே" என்று முடியும் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. திறக்கவே வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பட்டாவையும் பாஸ்புக்கையும் ஆதாரையும் படம் பிடித்துக் குழுவில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

இதே பயிற்சி பயிர் நோய்க்கும் பயன்படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் அருப்புக்கோட்டையில் வேளாண்மை அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வேளாண்மை அலுவலருக்கு நீங்கள் அனுப்பும் படம் பெரும்பாலும் ஒற்றை இலையாகத்தான் இருக்கிறது. வயல் முழுவதும் ஒன்று, செடி முழுவதும் ஒன்று, பாதித்த பகுதி நெருக்கத்தில் ஒன்று என்று எடுத்து, நெருக்கப்படத்தை டாக்குமென்டாக அனுப்புங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பருத்தியிலும் தென்னையிலும் வெள்ளை ஈ இருப்பது அங்கேதான். கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதையும் எழுதிவிட்டால், தாம் நேரில் வர வேண்டுமா என்பதை அலுவலரே முடிவு செய்துகொள்வார்.